ஸ்லோவில் நிற்காத வண்டி

மாலை ஆறு மணி. ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. முன்னால் ஒரு கார், நிறுத்த இடம் தேடித் தயங்குகிறது. பின்னால் டவுன் பஸ் ஆரன் அடிக்கிறது. நடுவில் ஒரு பழைய வெள்ளை மாருதி 800. கால் மணி நேரத்துக்கு முன்பு ஜி.டி. நாயுடு பெயரிலான அவினாசி சாலை மேம்பாலத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இருமாமல் தும்மாமல் வந்த வண்டி அது. ஓட்டுபவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். எஞ்சின் ஒருமுறை குலுங்குகிறது, இரண்டாவது முறை குலுங்குகிறது, அணைந்துவிடுகிறது.

சாவியைத் திருகி, ஆக்சிலேட்டரை மிதித்தால் உடனே உயிர் வருகிறது. காலை எடுத்தால் மறுபடியும் போய்விடுகிறது. கோவையின் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்துவிட்டார்கள். ஆனாலும் நிற்காமல் போகிற பாக்கியம் இன்னும் யாருக்கும் வாய்க்கவில்லை. எனவே இந்த வண்டிக்காரர் ஒரு கால் பிரேக்கிலும் ஒரு கால் கிளட்சிலும், இல்லாத மூன்றாவது கால் ஆக்சிலேட்டரிலுமாக வீடு போய்ச் சேர்கிறார்.

பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாளாவது வந்திருக்கும். கஷ்டமான வேலையை எஞ்சின் ஒழுங்காகச் செய்கிறது. சும்மா நிற்கச் சொன்னால் மட்டும் ஏன் செத்துப்போகிறது?

அன்றாடங்காய்ச்சி

கோவைப் பட்டறைகளில் இந்தக் கோளாறுக்கு ஒரு சொற்றொடர் உண்டு: "ஸ்லோ நிக்கலைங்க." வண்டி நகராமல், ஆக்சிலேட்டரில் கால் இல்லாமல், எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்கு 'ஸ்லோ' அல்லது 'ஐடிலிங்' என்று பெயர். இந்த அத்தியாயத்தில் அதை நின்றோட்டம் என்று அழைப்போம். வண்டி நிற்க, எஞ்சின் ஓடுவதால் நின்றோட்டம்.

நின்றோட்டத்தில் எஞ்சின் சும்மா இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தன்னைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. பிஸ்டன் சுவரில் உரசுகிறது, பேரிங்குகள் எண்ணெயைப் பிசைகின்றன, தண்ணீர் பம்பும் ஆல்டர்னேட்டரும் பெல்ட்டில் தொங்குகின்றன. மூடிய கதவின் சந்து வழியாகக் காற்றை இழுப்பதே ஒரு வேலை. அந்த நிமிடம் எரியும் பெட்ரோல் தரும் ஆற்றலில், வெப்பமாக வெளியேறுவது போக மிச்சம் முழுவதும் இவற்றுக்கே செலவாகிறது. சக்கரத்துக்குத் தர ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அன்றாடங்காய்ச்சியின் பிழைப்பு இப்படித்தான். அன்றைக்குச் சம்பாதித்தது அன்றைக்கே உலையில் போகிறது. ஒரு நாள் வேலை இல்லை என்றால் மறுநாள் அடுப்பு எரியாது. மேம்பாலத்தில் ஓடும் எஞ்சினோ மாதச் சம்பளக்காரர் மாதிரி. ஒரு வெடிப்பு தவறினாலும் வண்டியின் ஓட்டமே எஞ்சினை இழுத்துச் சுற்றிவிடும், ஓட்டுபவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

எஞ்சினுக்கும் ஒரு சிறுசேமிப்பு உண்டு. ஃப்ளைவீல் என்கிற கனத்த இரும்புச் சக்கரம் சுழற்சியைச் சேர்த்துவைத்து, அடுத்த வெடிப்பு வரும்வரை தாக்குப்பிடிக்க உதவுகிறது. ஆனால் வேகம் பாதியானால் அதில் இருக்கும் சேமிப்பு கால்வாசியாகிவிடும். நிமிடத்துக்கு 3,600 சுற்றில் இருந்ததில் பதினாறில் ஒரு பங்குதான் 900 சுற்றில் கையிருப்பு. செலவு குறையாமல் சேமிப்பு கரைந்த வீட்டில் ஒரு சின்ன மருத்துவச் செலவு வந்தால் என்ன ஆகும்?

பாசிப்பயறு அளவு வாசல்

இப்போது கொஞ்சம் கணக்கு. பேனா வேண்டாம், மனக்கணக்கே போதும்.

1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-ன் எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். மொத்தக் கொள்ளளவு 796 சி.சி., அதாவது ஒரு சிலிண்டருக்குச் சுமார் 265 சி.சி. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை மூச்சு இழுக்கும். நின்றோட்டத்தில், நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால், மூன்று சிலிண்டரும் சேர்ந்து வினாடிக்கு இருபத்திரண்டு முறைக்கு மேல் மூச்சு வாங்குகின்றன.

ஆனால் முழு மூச்சு கிடைப்பதில்லை. காற்று வரும் வழியில் த்ராட்டில் என்று ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். மூடிய தகட்டின் சந்து வழியாகக் கொஞ்சம் காற்றே நுழைவதால், அதற்குப் பின்னால் இருக்கும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பட்டறை மொழியில் இது 'வேக்கம்', நாம் குறையழுத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த மெலிந்த காற்றில் 265 சி.சி. சிலிண்டருக்குக் கிடைப்பது, வெளிக்காற்றின் அளவில் சொன்னால், சுமார் 90 சி.சி. டீக்கடையில் கொடுக்கும் சின்ன கிளாஸ் அளவு.

அந்த ஒரு கிளாஸ் காற்றின் எடை ஏறக்குறைய பத்தில் ஒரு கிராம். பெட்ரோல் முழுமையாக எரிய, தன் எடையைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும். அப்படியானால் ஒரு மூச்சுக்குத் தேவையான பெட்ரோல் ஏழு மில்லிகிராம்தான். மருந்து பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு! அந்தத் துணுக்கை வினாடிக்கு இருபத்திரண்டு முறை, ஏறாமல் குறையாமல், மூன்று சிலிண்டருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும்.

இந்தக் காற்று முழுவதும் நுழைய எவ்வளவு பெரிய வாசல் தேவை? கணக்குப் போட்டுப் பார்த்தால் நாலு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை போதும். ஒரு பாசிப்பயறு நுழைகிற ஓட்டை. ஒரு கார் எஞ்சின் முழுவதும் அந்த வாசல் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது.

வெளியே சொட்டாத ஓட்டை

கொங்கு நாட்டில் கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு அடுத்த விஷயத்தை விளக்கவே தேவையில்லை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. பம்பைப் பார்த்தால் எங்கும் ஒழுகவில்லை. அனுபவசாலி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "சக்ஷன்ல ஏர் எடுக்குதுங்க" என்பார். தண்ணீரைத் தள்ளும் பக்கத்துக் குழாயில் ஓட்டை இருந்தால் பீய்ச்சியடிக்கும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். அப்போது அவர் ஜாயின்டைச் சுற்றிக் களிமண்ணை அப்பிப் பார்ப்பார். தண்ணீர் ஏறிவிட்டால் ஓட்டை அங்கேதான்.

கார் எஞ்சினும் ஒரு காற்றுப் பம்புதான். த்ராட்டில் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் பாதை அதன் சக்ஷன் பைப். அந்தப் பாதையிலிருந்து பல ரப்பர் ஹோஸ்கள் கிளம்புகின்றன: எஞ்சினின் அடிவயிற்றுப் புகையை இழுக்க ஒன்று, பிரேக் பூஸ்டர் உள்ள வண்டிகளில் அதற்கு ஒன்று, இன்னும் சில. கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் ஒரு பேக்கிங். இருபத்தைந்து வருட வெயிலும் எஞ்சின் சூடும் பட்ட ரப்பர், அப்பளம் மாதிரி மொறுமொறுத்து விரிசல் விடுகிறது.

இரண்டு மில்லிமீட்டரில் ஒரு ஓட்டை விழுந்தது என்று வைப்போம். கடுகு அளவு. நின்றோட்டத்தில் உள்ளே குறையழுத்தம் கடுமையாக இருப்பதால் காற்று அந்த ஓட்டை வழியாக ஏறக்குறைய ஒலியின் வேகத்தில் பாய்கிறது. பாசிப்பயறு வாசலில் நுழையும் காற்றில் கால்வாசி அளவுக்கு இந்தக் கடுகு ஓட்டை கூடுதலாகச் சேர்த்துவிடும். கார்புரேட்டரின் கண்ணில் படாமல் பின்வாசலில் வந்த காற்று இது. இதற்கு யாரும் பெட்ரோல் கலக்கவில்லை. கலவை நீர்த்துப்போகிறது, பொறி பட்டாலும் பற்றுவதில்லை.

அதே வண்டி மேம்பாலத்தில் போகும்போது என்ன நடக்கிறது? தகடு நன்றாகத் திறந்திருக்கிறது. முழு வேகத்தில் நின்றோட்டத்தைப் போலப் பதினைந்து மடங்கு காற்று முன்வாசலில் வருகிறது. தகடு திறக்கத் திறக்கக் குறையழுத்தமும் தணிவதால் கடுகு ஓட்டை வழியே நுழையும் காற்றின் பங்கு மிகவும் சிறுத்துவிடுகிறது. ஓட்டை அதே ஓட்டைதான், எஞ்சினுக்கு அது உறைப்பதில்லை.

முதல் பக்கத்துப் புதிருக்குப் பாதி விடை இதுதான்.

தொப்பி ஊசி

மீதி விடை பெட்ரோல் பக்கம் இருக்கிறது.

பெட்ரோலைக் காற்றில் தெளித்துக் கலக்கும் கார்புரேட்டரை ஹங்கேரியின் பாங்கி, சோங்கா ஆகிய இருவரும், ஜெர்மனியின் மேபாக்கும் 1893-ல் தனித்தனியே உருவாக்கினார்கள். கோவைக்கு அருகே கலங்கலில் ஜி.டி. நாயுடு பிறந்ததும் அதே ஆண்டுதான். பின்னாளில் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழில் தொடங்கியவர் அவர். அந்த வழியில் அவருடைய எஞ்சினும் ஒரு கார்புரேட்டரோடு மல்லுக்கட்டியிருக்கும்.

கார்புரேட்டரின் தந்திரம் எளிமையானது. குறுகலான தொண்டை வழியாகக் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும், அந்த உறிஞ்சலில் பெட்ரோல் ஒரு மெல்லிய துளை வழியாக மேலேறித் தெளிக்கும். அந்தத் துளையுள்ள பித்தளைத் திருகுதான் ஜெட். சிக்கல் என்னவென்றால், நின்றோட்டத்தில் தொண்டை வழியாக வரும் காற்று மிகவும் சோம்பலானது. பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்க அதற்குத் தெம்பு இல்லை. ஆகவே நின்றோட்டத்துக்கென்றே ஒரு தனிப் பாதை, தனியாக ஒரு குட்டி ஜெட். பட்டறைக்காரர்கள் அதை 'ஸ்லோ ஜெட்' என்பார்கள். ஒரு கார்புரேட்டருக்குள் இரண்டு கார்புரேட்டர்கள் குடியிருக்கின்றன என்று சொன்னாலும் தவறில்லை.

பெரிய ஜெட் நன்றாக இருந்து குட்டி ஜெட் அடைத்துக்கொண்டால், வண்டி ஓடும், நிற்காது. மயிரிழை போன்ற துளை அது. பெட்ரோல் டேங்க்கின் துருத் துகள் ஒன்று போதும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் காய்ந்து விட்டுச்செல்லும் பிசினும் போதும்.

அடைப்பு எடுப்பதில் ஒரு பழைய பெருமை உண்டு. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கார் ஓட்டினார். உலகின் முதல் நீண்ட கார்ப் பயணம். வழியில் பெட்ரோல் பாதை அடைத்துக்கொண்டபோது, தன் தொப்பியிலிருந்த நீண்ட ஊசியை உருவி அடைப்பை எடுத்தார். பெர்த்தா குத்தியது குழாயை. நம்மூரில் சிலர் அதே தைரியத்தில் ஸ்லோ ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குடைகிறார்கள். பித்தளை மென்மையான உலோகம். ஒருமுறை குடைந்தால் துளை அகன்றுவிடும், அப்புறம் அந்த வண்டி வாழ்நாள் முழுக்கக் கூடுதலாகக் குடிக்கும். கிளீனர் தெளித்து, காற்றடித்து ஊதுவதே ஜெட்டுக்குச் செய்யும் மரியாதை.

ஒரு மாருதியின் வழக்கு

டி.பி. ரோட்டில் அணைந்த அந்த மாருதிக்கு வருவோம். 1996 மாடல், கார்புரேட்டர் வண்டி. ஓய்வுபெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டறைக்குக் கொண்டுபோகிறார். நல்ல மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பார்.

"காலைல எடுத்தவுடனேயே ஆஃப் ஆகுதுங்களா சார், இல்ல சூடானதுக்கு அப்புறமுங்களா?"

"காலைல நல்லா நிக்குது தம்பி. பத்து நிமிஷம் ஓட்டி சோக்கை உள்ள தள்ளுனதுக்கு அப்புறந்தான் தகராறு."

"வேற யாராச்சும் கை வெச்சாங்களா?"

"போன மாசம் ஒருத்தர் ஸ்குரூவ ரெண்டு சுத்து ஏத்திவிட்டார். அஞ்சாறு நாள் நல்லா இருந்துச்சு."

இந்த நான்கு வரிகளில் பாதி நோய் பிடிபட்டுவிடுகிறது. சோக் என்பது கார்புரேட்டரின் வாயைப் பாதி மூடி, பெட்ரோலின் பங்கை உயர்த்தும் தகடு. சோக் இருக்கும்போது நிற்கிறது, எடுத்தால் சாகிறது என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் பசி, அதாவது கலவை நீர்த்திருக்கிறது. முந்தையவர் திருகியது நோயை மறைத்த மாத்திரை.

மெக்கானிக் அடுத்து சாவியை மட்டும் ஆன் செய்து காதைக் கொடுக்கிறார். கார்புரேட்டரில் 'டிக்' என்று ஒரு சின்ன ஒலி. சாவியை அணைத்தால் நின்றோட்டப் பெட்ரோலை அடைக்கும் மின்வால்வு அது. அதன் ஒயர் கழன்றிருந்தாலும் இதே கோளாறு வரும், பத்து ரூபாய் செலவில்லாமல் சரியாகும். டிக் கேட்டது, ஆக அது நிரபராதி.

எஞ்சினை ஓட்டி, காப்பிட்ட இடுக்கியால் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக் ஒயராகக் கழற்றி மாட்டுகிறார். (ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் இடம், வீட்டில் செய்து பார்க்கிற சோதனை இல்லை.) எந்த ஒயரைக் கழற்றும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யவில்லை என்று பொருள். இங்கே மூன்றுக்கும் ஒரே மாதிரி சத்தம் இறங்கியது. ஒரு பிளக்கோ ஒரு வால்வோ குற்றவாளி என்றால் மூன்றும் சமமாக இருந்திருக்காது. எல்லாரையும் ஒரேபோலப் பட்டினி போடும் இடத்தில்தான் பழுது.

மிச்சமிருக்கும் சந்தேகம் இரண்டு. ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது காற்று ஓட்டை. இரண்டிலும் கலவை நீர்க்கும், இரண்டிலும் சோக் காப்பாற்றும். நின்றோட்டப் பெட்ரோலை அளந்து விடும் கலவைத் திருகை மெதுவாகத் திறந்து பார்க்கிறார். ஜெட் அடைத்திருந்தால் திருகு சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் கண்டுகொள்ளாது. வராத பெட்ரோலை எந்தத் திருகு அளக்கும்? இங்கே திருகத் திருக எஞ்சின் கொஞ்சம் தெளிகிறது. எனவே ஓட்டை.

எங்கே? ஒவ்வொரு ஹோஸாக இடுக்கியால் அழுத்திப் பார்க்கிறார். ஓட்டை இருக்கும் ஹோஸை அழுத்தினால் காற்று அடைபட்டு எஞ்சின் சட்டென நிமிர வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை. அனுபவம் குறைந்தவர் இந்த இடத்தில் கார்புரேட்டரைக் கழற்றி மேசையில் வைத்திருப்பார், அரை நாள் போயிருக்கும்.

நம் ஆள் ஒரு பழைய பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்துவருகிறார். கிணற்றடிக் களிமண்ணின் தம்பி இது. சிலர் பெட்ரோலைச் சொட்டிப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினும் பிளக் பொறியும் இருக்கும் இடத்தில் அது தீயை வரவழைக்கும் வேலை. சோப்புத் தண்ணீரைப் பேக்கிங் ஓரங்களில் விடுகிறார், மாற்றமில்லை. ஹோஸ்கள் மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினின் அந்த சக்ஷன் பைப்பில், வந்து மாட்டும் முனைகளில் விடுகிறார். ஒரு முனையில் நுரை வெளியே பொங்காமல் உள்ளே உறிஞ்சப்படுகிறது, எஞ்சின் இரண்டு வினாடி சீராக ஓடிவிட்டு மறுபடி குலுங்குகிறது.

அகப்பட்டது. விரிசல் ஹோஸின் அடிமுனையில், உலோகக் குழாயைக் கவ்வும் இடத்தில். இடுக்கி அழுத்திய இடம் அதற்கு மேலே. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அடைத்தால் காற்று எப்படி நிற்கும்?

ஹோஸ் மாற்றக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் கதை முடியவில்லை. புது ஹோஸ் போட்டதும் எஞ்சின் 1,500 சுற்றில் அலறுகிறது, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. போன மாதம் ஓட்டைக்கு ஈடாகத் திருகி வைத்ததெல்லாம் இப்போது உபரி. இந்த நிலையில் புகைச் சோதனைக்குப் போனால் தோற்பது நிச்சயம். பெட்ரோல் வண்டிக்கு அந்தச் சோதனையே நின்றோட்டத்தில்தான் நடக்கிறது. இந்த மாதிரிப் பழைய கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம், பின்னால் வந்த பி.எஸ்.-4 புகை விதிக் கார்களுக்கு 0.3 சதவீதம். மெக்கானிக் கலவைத் திருகையும், த்ராட்டில் தகட்டை லேசாகத் திறந்துவைக்கும் வேகத் திருகையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, 900-க்குக் கொண்டுவருகிறார். மொத்த வேலையில் திருகைத் தொட்டது கடைசியில்தான்.

ஊஞ்சலாடும் எஞ்சின்

2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகியபோது மாருதி 800-க்கும் கார்புரேட்டர் போய், கணினி பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. அந்த வண்டிகளும் இப்போது பழைய வண்டிகள்தான். அவற்றில் ஓட்டை விழுந்தால் நாடகம் வேறு. எஞ்சின் அணையாது, ஊஞ்சலாடும். 'உம்ம்...' என்று ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.

காரணம் வேடிக்கையானது. இந்த வகை எஞ்சின்களில் கணினி, குழாயின் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றின் அளவை ஊகிக்கிறது. பின்வாசலில் வந்த காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றிவிடுகிறது. வேகம் ஏறுகிறது. ஆக்சிலேட்டரில் கால் இல்லை, ஆனால் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது என்றால், வண்டி ஏதோ இறக்கத்தில் உருள்கிறது என்று கணினி முடிவு செய்து பெட்ரோலையே நிறுத்துகிறது. வேகம் விழுகிறது. அணைந்துவிடப் போகிறதே என்று பதறி மறுபடி ஊற்றுகிறது. ஊட்டி லாட்ஜில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் வரத் தாமதமாவதால் இன்னும் திறந்து, பிறகு சுட்டுக்கொண்டு அலறி மூடுபவரின் கதைதான் இது.

இந்த நோய் காரைவிட வயதானது. 1788-ல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினின் வேகத்தைத் தானாகச் சீராக்க, சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகளைப் பொருத்தினார். அந்தக் கருவிக்குக் 'கவர்னர்' என்று பெயர். (தமிழ்நாட்டில் அந்தச் சொல் வேறு ஊஞ்சலாட்டங்களை நினைவூட்டலாம்.) சில எஞ்சின்கள் அந்தக் குண்டுகளையும் மீறி ஏறி இறங்கி ஆடின. அது ஏன் என்று 1868-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர், மின்காந்த அலைகளை முன்னறிவித்த அதே ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். திருத்தம் தாமதமாகவோ மிகையாகவோ வந்தால், திருத்துபவரே ஆட்டத்தை வளர்க்கிறார் என்பது அந்தக் கணக்கின் சாரம்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கணினியைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை சாதாரணமானவை: த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் படிந்த கரி, நின்றோட்டக் காற்றை அளந்து விடும் குட்டி வால்வில் படிந்த கரி, அப்புறம் அதே பழைய ரப்பர் ஹோஸ்கள்.

எத்தனாலும் ஊட்டியும்

பழைய வண்டிகளின் நின்றோட்டத்துக்குப் புதிதாக ஒரு பங்காளி சேர்ந்திருக்கிறது. 2022 ஜூனில் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை பம்புகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகவே வேண்டும். 14.7 என்ற விகிதம் 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 ஆகிவிடுகிறது. கணினி வண்டி இதைப் புகையில் முகர்ந்து ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு மூக்கு கிடையாது. பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும், கலவை ஏழெட்டு சதவீதம் நீர்த்துவிடும். போதாததற்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கிற வண்டிகளுக்கு இது கூடுதல் தொல்லை.

மலை ஏறினால் கதை நேர்த் தலைகீழ். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இங்கிருந்து அங்கே போவதற்குள், குளிர்ச்சியைக் கணக்கில் கொண்டாலும், காற்று ஆறில் ஒரு பங்கு மெலிகிறது. கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது, அது இழுக்கும் வேகத்தைத்தான் அறியும். காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. கலவை கெட்டிப்படுகிறது, எஞ்சினுக்குச் செரிமானக் கோளாறு.

ஹோஸ் மாற்றிய மறுமாதம் நம் மாருதிக்காரர் குடும்பத்தோடு ஊட்டி போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்னூர் தாண்டியபோதே ஸ்லோ கனக்கத் தொடங்கியிருக்கும். சேரிங் கிராஸில் நிறுத்தும்போது வண்டி முனகியிருக்கும், பின்னால் லேசாகக் கரும்புகை. பானெட்டைத் திறந்து, ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு, மெக்கானிக்குக்குப் போன் போட்டிருப்பார்.

"ஒண்ணும் பண்ணாதீங்க சார். கீழ வாங்க, பாக்கலாம்."

அவர் ஸ்குரூடிரைவரை டிக்கியில் போட்டுப் பூட்டினார். மறுநாள் பர்லியாறு இறங்கியபோது புகை நின்றிருந்தது. மேட்டுப்பாளையத்தில் ரயில்வே கேட் முன்னால் பத்து நிமிடம் நின்றார்கள், எஞ்சின் 900-ல் ஓடிக்கொண்டிருந்தது.